எதிர்வீட்டுப் பை

அந்தக் கட்டடத்தில் அவளுக்கு ரேடியோ என்று பேர். யார் வைத்தது என்று தெரியாது, அவளுக்கு அதில் வருத்தமும் கிடையாது. தபால் ஆபீஸ் கவுன்டரில் நாளெல்லாம் பேசிவிட்டு வந்தாலும் படிக்கட்டில் பேச அவளுக்குத் தொண்டை மிச்சமிருக்கும். மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளத் தெரியாதவள் என்று எல்லோரும் அவளை மெச்சுவார்கள். சிலதை மனசில் வைத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்று யாரும் அவளுக்குச் சொன்னதில்லை.

இரண்டாம் மாடியில் அவள் வீட்டுக்கு நேர் எதிரே தையலக்கா. தனியாள். பாதிக் கட்டடத்துக்கு அளவெடுத்துத் தைத்துக் கொடுத்தவள். பக்கவாதம் வந்து இடது கையும் இடது காலும் சொன்ன பேச்சைக் கேட்காமல் போனதும் மெஷினுக்கு உறை போட்டுவிட்டாள். வீட்டுக்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பாள். சாமான்களைக் கடையிலிருந்து கொண்டுவந்து கொடுப்பார்கள். படி இறங்க மட்டும் முடியாது, அந்தக் கட்டடத்தில் லிஃப்டும் கிடையாது.

முன்பெல்லாம் குப்பை எடுப்பவர் வாசல் வாசலாக வருவார். பிறகு நகராட்சி புதுத் திட்டம் போட்டது. கட்டடத்தின் பின்னால் மூன்று தொட்டி, நெஞ்சுயரத்தில் கனமான மூடி, அவரவர் குப்பையை அவரவரே பிரித்துக் கொண்டுபோய்ப் போட வேண்டும். அதற்கென்று பையும் கொடுத்தார்கள். உள்ளே இருப்பது வெளியே தெரிகிற பை. கலந்து கட்டினால் கண்டுபிடிக்க வேண்டுமாம். இரண்டு கையும் இரண்டு காலும் ஒழுங்காக இருக்கிற யாரோ, நாற்காலியில் உட்கார்ந்து யோசித்த திட்டம்.

"நான் எதுக்கு இருக்கேன்? உங்க பையையும் சேர்த்து எடுத்துட்டுப் போறேன்" என்றாள் ரேடியோ. சொன்னபடி செய்யவும் செய்தாள், அதில் குறையே சொல்ல முடியாது. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது எதிர்வீட்டுக் கதவைத் தட்டுவாள். மழையானாலும் சளியானாலும் தட்டுவாள். கூடவே ஒரு வார்த்தையும் உண்டு.

"என்னக்கா, பை இந்தக் கனம் கனக்குது? தர்பூசணியா? முழுசா ஒத்தை ஆளே தின்னுட்டீங்களா?"

தையலக்கா சிரிப்பாள். அதற்கப்புறம் அந்த வீட்டில் தர்பூசணி வாங்கவில்லை. இன்னொரு நாள், மீன் முள் நாறுகிறது என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு ரேடியோ ஒரு நடை நடந்து காட்டினாள். அதற்கும் தையலக்கா சிரித்தாள். மீனும் நின்றது. ரேடியோ இதையெல்லாம் கவனிக்கவில்லை. கேலி பண்ணுகிறவர்களுக்கு, தாங்கள் சொன்னது எங்கே போய் விழுந்தது என்று பார்க்க நேரம் இருப்பதில்லை.

வியாதி வந்த உடம்பு. சிறுநீரை அடக்க முடியாத நாட்களும் வந்தன. டயப்பர்களைத் தையலக்கா செய்தித்தாளில் நன்றாகச் சுற்றித்தான் பையில் போட்டாள். ரேடியோவுக்குச் சட்டம் அத்துப்படி.

"பேப்பரைச் சுத்தாதீங்கக்கா. பேப்பர் வேற தொட்டி. கலந்திருக்குன்னு நம்ம பையை விட்டுட்டுப் போயிடுவாங்க."

அதனால் பேப்பரும் போயிற்று.

அப்படி ஒரு காலையில் ரேடியோ பையோடு படியிறங்கினாள். மூன்றாம் மாடி டீச்சர் பின்னாலேயே வந்தாள். பையைப் பார்த்தவள் கண்ணைச் சிமிட்டினாள்.

"என்ன ரேடியோ, இந்த வயசுல வீட்டுல விசேஷமா? டயப்பரெல்லாம் கண்ணுல படுது!"

"அய்யய்யோ, என்னுது இல்ல டீச்சர்! எங்க வீட்டுல எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம். இது தையலக்காவோடது!"

பையைத் தூக்கியும் காட்டினாள். கீழே தண்ணீர் மோட்டார் பார்க்க வந்த ஆளும் நிமிர்ந்து பார்த்தான். எதிர்வீட்டுக் கதவு இன்னும் சாத்தவில்லை. வாசல் வரை நடந்துவந்து பை கொடுத்தவள் திரும்பி உள்ளே போக எவ்வளவு நேரமாகும் என்பது ரேடியோவுக்குத் தெரியாததா? கதவை மெல்லச் சாத்திய சத்தமும் அவள் காதில் விழுந்தது. ஏதோ ஒன்று நெஞ்சில் நெருடியது. ஆனால் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

அதன்பிறகு எதிர்வீட்டுப் பையில் அந்தச் சமாசாரமே இல்லை. பையும் நாளுக்கு நாள் இளைத்தது. ஒரு வாழைப்பழத் தோல், ஒரு ரொட்டிக் கவர், அவ்வளவுதான். அக்காவுக்கு உடம்பு தேறிவிட்டது என்று ரேடியோ சந்தோஷப்பட்டாள். அதற்கு அவளிடம் சாட்சியும் இருந்தது. சாயங்காலங்களில் எதிர்வீட்டில் தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்கத் தொடங்கியிருந்தது. கொஞ்சம் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும்.

"தையலக்கா திரும்பத் தைக்க ஆரம்பிச்சிட்டாங்க!" என்று மாடிக்கு மாடி ஒலிபரப்பினாள். ஒரு பாவாடைக்கு நாடா மாற்றித் தர முடியுமா என்று அக்காவிடமே கேட்டாள். தையலக்கா முகம் வெளிறி, "இன்னும் கை வரலம்மா" என்றாள்.

நகராட்சியிலிருந்து ஒரு பெண் வந்தது அந்தச் சமயத்தில்தான். திட்டத்தில் ஒரு ஓட்டை இருப்பது அவர்களுக்கே அப்போதுதான் உறைத்திருந்தது. படியிறங்க முடியாதவர்கள், மூடி தூக்க முடியாதவர்கள், பார்வை இல்லாதவர்கள் சொன்னால் போதும், ஆள் வந்து வாசலிலேயே எடுத்துக்கொள்வார். பையும் வேறு, உள்ளே இருப்பது தெரியாத பை. ரேடியோதான் அந்தப் பெண்ணைத் தையலக்கா வாசலுக்கு அழைத்துப்போனாள். விஷயத்தைக் கேட்டதும் தையலக்கா வாயைத் திறந்தாள்.

"எனக்கு..."

"அக்காவுக்கு அதெல்லாம் வேணாம்" என்று ரேடியோ முந்திக்கொண்டாள். "நான் எதிர்லயே இருக்கேன். கூடப் பொறந்தவங்க மாதிரி நாங்க. பாருங்க, பை எவ்வளவு லேசு! இதுக்குப் போய் ஒரு ஆளை ரெண்டு மாடி ஏறச் சொல்றதா?"

அந்தப் பெண் தையலக்காவைப் பார்த்தாள். தையலக்கா தரையைப் பார்த்தபடி தலையசைத்தாள். வந்தவள் போய்விட்டாள்.

மழைக்காலம் முடிகிற சமயம், ஒரு காலையில் தட்டியும் கதவு திறக்கவில்லை. அவசரத்துக்கென்று தன்னிடமிருந்த சாவியால் ரேடியோ திறந்தாள். தையலக்கா சமையலறைத் தரையில் கிடந்தாள். உதடு வெடித்திருந்தது, உடம்பு அனலாகக் கொதித்தது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ரேடியோவிடம்தான் கோபித்துக்கொண்டாள்.

"தண்ணியே குடிக்காம இருந்திருக்காங்க. சாப்பாடும் சரியில்ல. சிறுநீர்ல கிருமி ஏறி ரத்தம் வரைக்கும் போயிடுச்சு. வீட்டுல யாரும் பாக்கலையா?"

"தினம் பாக்குறேனே" என்றாள் ரேடியோ. அதைச் சொல்லும்போது குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்குத் திரும்பினாள். தையலக்காவின் அலமாரியைத் திறந்தாள். கீழ்த்தட்டில் துணிகள் இல்லை, பொட்டலங்கள் இருந்தன. தலையணை உறை, பழைய திரைச்சீலை, ஜாக்கெட் வெட்டியதில் மிஞ்சிய துண்டு, இப்படிக் கிடைத்த துணியிலெல்லாம் கட்டிய பொட்டலங்கள். ஒவ்வொன்றும் நாலு பக்கமும் மெஷினில் ஓட்டித் தைத்திருந்தது. சில தையல்கள் கோணி ஓடி, நின்று, மறுபடி பிடித்து ஓடியிருந்தன. ஒற்றைக் கையால் துணியைத் தள்ளி ஒற்றைக் காலால் மிதித்தால் அப்படித்தான் ஓடும். ரேடியோ ஒன்றைப் பிரிக்கப் போனாள். மூக்குக்கு வாடை எட்டியதும், பிரிக்கத் தேவையில்லை என்று தெரிந்துவிட்டது.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சாயங்காலமெல்லாம் கேட்ட சத்தம் இதுதான். இதைத்தான் மாடி மாடியாகப் போய்ச் சொன்னாள். குப்பை சேராமலிருக்க ஒருத்தி சோற்றைக் குறைத்திருக்கிறாள், டயப்பர் நனையாமலிருக்கத் தண்ணீரைக் குறைத்திருக்கிறாள், அதையும் மீறிச் சேர்ந்ததை யார் கண்ணிலும் படாமல் தைத்து மூடியிருக்கிறாள். எல்லாம் தினமும் சிரித்துக்கொண்டே கதவைத் தட்டிய ஒருத்திக்குப் பயந்து. பாவி, பாவி என்று ரேடியோ தன் தலையிலேயே அடித்துக்கொண்டாள். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிப் பார்த்தாள். படிக்கட்டில் அன்றைக்குக் கதவைச் சாத்திய சத்தம் காதில் விழுந்ததே, அப்புறம் தெரியாமல் என்ன?

பஸ் ஓட்டும் அவள் கணவர் அதிகம் பேசாதவர். மனைவி பேசுவதே இருவருக்கும் போதும் என்று இருந்துவிட்டவர். பொட்டலங்களைக் கீழே கொண்டுபோக ஒரு கை கொடுத்தார். கடைசிப் பையைத் தொட்டியில் போட்டு மூடியைச் சாத்திவிட்டுச் சொன்னார்.

"அன்னைக்கு அந்த நகராட்சிப் பொண்ணு கேட்டது அவங்களைத்தானே? நீ ஏன் பதில் சொன்னே?"

ரேடியோவிடம் அதற்குப் பதில் இருந்தது, ஆனால் வாய்விட்டுச் சொல்லக் கூசியது. தினமும் ஒருத்தருக்குத் தேவைப்படுகிறவளாக இருப்பது அவளுக்குப் பிடித்திருந்தது.

ஆஸ்பத்திரியில் தையலக்கா கண் விழித்த பிறகு, ரேடியோ கட்டிலோரம் போய் நின்றாள்.

"அக்கா, துணி எடுக்க அலமாரியைத் திறந்துட்டேன்."

தையலக்கா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"எடுத்துப் போட்டுட்டியா?"

"போட்டுட்டேன்க்கா. யாரும் பாக்கல."

"நீ பாத்துட்டியே."

ரேடியோவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் அக்காதான் தேற்ற வேண்டியிருக்கும் என்று தோன்ற, பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"வாசல்ல வந்து எடுக்கச் சொல்லி ஆபீசுக்குச் சொல்லட்டுமா?"

"அன்னைக்கே சொல்லத்தான் வாயைத் திறந்தேன்" என்றாள் தையலக்கா, சுவரைப் பார்த்தபடியே. "உன் மனசு சங்கடப்படுமேன்னு விட்டுட்டேன்."

அடித்திருந்தால்கூடத் தேவலை.

ரேடியோ மறுநாளே நகராட்சிக்குப் போன் போட்டாள். வேண்டாம் என்று சொன்னது நான்தான், அவர்கள் இல்லை, தப்பு என்னுடையது என்றாள். எடுத்தவருக்கு அதெல்லாம் தேவைப்படவில்லை. வீட்டு எண்ணை மட்டும் கேட்டார், அடுத்த வாரத்திலிருந்து ஆள் வரும் என்றார்.

வந்தார். தையலக்கா வீடு திரும்பிய பிறகு காலையில் எதிர்வாசலில் ஒரு தட்டு கேட்கும், "அம்மா, பை" என்று ஒரு குரல் கேட்கும். கனத்த பையைத் தரையில் இழுத்து வரும் சத்தமும் கேட்கும். அந்த ஆள் ஒரு வார்த்தையும் கூடப் பேசாமல் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவார். ரேடியோ தன் கதவுக்குப் பின்னால் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பாள். அவர் இறங்கி முடித்த பிறகுதான் வேலைக்குக் கிளம்புவாள். வேறு காரணம் இல்லாமல் அந்தக் கதவைத் தட்ட அவளுக்குத் துணிச்சல் வரவில்லை.

ஒரு விடுமுறை நாளில் தட்டிவிட்டாள். தையலக்கா கதவைப் பாதி திறந்தாள். முகத்தில் சதை பிடித்திருந்தது.

"பை போயிடுச்சேம்மா."

"பைக்காக இல்லக்கா. சும்மா... உங்ககூடக் கொஞ்ச நேரம் உக்காரலாம்னு."

தையலக்கா அவளை மேலும் கீழும் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் ரேடியோவுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"உள்ள வா. ஆனா ஒண்ணு. போறப்போ இந்த வீட்டுலேருந்து எதையும் வெளிய எடுத்துட்டுப் போகக் கூடாது. ஒரு வார்த்தையைக்கூட. முடியுமா உன்னால?"

கதவு முழுசாகத் திறந்தது. ரேடியோ வாசலிலேயே நின்றாள். முடியும் என்று சொல்ல வேண்டும். ஆனால் தன் வாயை நம்பி அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அவளுக்குப் பயமாக இருந்தது.