ஆறு குப்பி பெட்ரோல்

அந்த ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குச் சொந்தமாக ஏழு மோட்டார் சைக்கிள்கள் இருந்தன. காலை ஏழு மணிக்கு ஏழு பேர் கிளம்புவார்கள். ஆளுக்கொரு திசை. வழியில் உள்ள சின்னச் சின்ன கிளினிக்குகளில் நின்று, ரத்தக் குப்பிகளை வாங்கி ஐஸ் பெட்டியில் அடுக்கிக்கொண்டு, நண்பகலுக்குள் திரும்பிவிட வேண்டும். வெயில் ஏறினால் ரத்தம் கெட்டுப்போகும். கெட்டுப்போனால் பாவம், யாரோ ஒரு கிழவர் மறுபடியும் கையை நீட்டி ஊசி குத்திக்கொள்ள வேண்டும்.

ஏழு பேரில் இரண்டு பேர் பெண்கள். ஒருத்தி அண்ணி, இன்னொருத்தி அவள் நாத்தனார். நாத்தனார் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே "அண்ணி, அண்ணி" என்று கூப்பிட்டதில், வாட்ச்மேனிலிருந்து நுண்ணோக்கியில் கண் வைக்கிறவர்கள் வரை எல்லோருக்கும் அவள் அண்ணியாகிவிட்டாள். வேடிக்கை என்னவென்றால், அப்படிக் கூப்பிட்டுப் பழக்கிவிட்டவள் மட்டும் நாலு மாதமாக அவளிடம் பேசுவதில்லை.

காரணம் ஒரு துணி காயப்போடும் கம்பி. மாடியில் வெயில் விழும் பக்கம் யாருடைய துணி என்பதில் தொடங்கி, "இது எங்க அப்பா கட்டின வீடு" என்பதில் முடிந்தது. அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு அண்ணி வாயை மூடிக்கொண்டாள். நாத்தனாரும் மூடிக்கொண்டாள். லிஃப்ட் பழுது பார்க்கும் வேலையிலிருந்த அண்ணியின் வீட்டுக்காரர்தான் நடுவில் மாட்டிக்கொண்டார். "உங்க தங்கச்சிகிட்ட கேஸ் தீர்ந்துபோச்சுன்னு சொல்லுங்க" என்பாள் இவள். "அண்ணா, நேத்தே சொல்லியாச்சுன்னு சொல்லு" என்பாள் அவள். "வேலை செய்ற இடத்துலயும் லிஃப்ட்டு, வீட்டுலயும் நானே லிஃப்ட்டு" என்று அவர் தலையில் அடித்துக்கொள்வார்.

இப்படி இருக்கும்போதுதான் வண்டிகளைக் கவனிக்க ஒரு புது மேனேஜர் வந்து சேர்ந்தார்.

கெட்ட மனிதர் என்று சொல்லிவிட முடியாது. யாரும் இல்லாத அறையில் விளக்கு எரிந்தால் அவருக்கு மூச்சு முட்டும். குழாய் ஒழுகினால் தானே ரப்பர் வாங்கி வந்து மாட்டுவார். "ஒவ்வொரு சொட்டும் முக்கியம்மா, ஒவ்வொரு சொட்டும்" என்று வாய்க்கு வாய் சொன்னதால் ஒரே வாரத்தில் அவர் 'சொட்டு சார்' ஆனார். வந்ததும் அவர் கண்ணில் பட்டது பெட்ரோல் பீப்பாய்தான். தினமும் மாலை மெக்கானிக் அளவுக் குவளையால் டாங்கை நிரப்பி, போட்ட அளவையும் ஓடிய கிலோமீட்டரையும் எழுதி வைப்பார். சொட்டு சார் அந்தத் தாள்களை இரண்டு நாள் படித்தார். மூன்றாம் நாள் ஓர் உத்தரவு போட்டார்.

ஏழு வண்டிக்கும் ஒரு சைஸ் மெல்லிசான டயர். காற்று, வண்டிக் கம்பெனி சொல்லும் இருபத்தைந்து இருபத்தெட்டெல்லாம் இல்லை. முன்னும் பின்னும் நாற்பது.

"டயர் மெல்லிசா, கல்லு மாதிரி இருந்தா ரோட்டோட உரசல் குறையும். உரசல் குறைஞ்சா பெட்ரோல் குறையும். விஞ்ஞானம்" என்றார்.

"பிரேக் பிடிக்கிறதும் அதே உரசலாலதானே சார்?" என்று கேட்டாள் அண்ணி.

"மெதுவா போனா பிரேக் எதுக்கும்மா?"

சொட்டு சாருக்கு ஓட்டுகிறவர்கள் மேல் நம்பிக்கை இல்லை. காற்றை யாரும் இறக்கிவிடக் கூடாதென்று, டயர் வாய் மூடியின் மேல் சிவப்பு அரக்கை உருக்கி ஊற்றி, தன் மோதிரத்தால் முத்திரை குத்தினார். அறிவிப்புப் பலகையில் ஒரு அட்டவணை தொங்கியது. லிட்டருக்கு அறுபது கிலோமீட்டராக இருந்தது அறுபத்துமூன்றாக ஏறியது. முதலிடத்தில் நாத்தனார். அவள் பேருக்கு நேரே பச்சை மையில் ஒரு நட்சத்திரம்.

நட்சத்திரம் விழுந்த ஒன்பதாம் நாள் அவள் விழுந்தாள்.

மொத்த வியாபார மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு வளைவு. மீன் லாரிகள் தண்ணீரைச் சொட்டவிட்டுக்கொண்டு போகும் இடம். அன்று தூறலும் சேர்ந்துகொண்டது. ஒரு தள்ளுவண்டி பின்பக்கமாக ரோட்டுக்கு வர, நாத்தனார் பிரேக்கை அழுத்தினாள். சக்கரம் நின்றுவிட்டது, வண்டி நிற்கவில்லை. சோப்புத் துண்டு மாதிரி வழுக்கிக்கொண்டு போய் நடைபாதையில் மோதியது. கழுத்துப்பட்டை எலும்பு முறிந்தது. முப்பத்தெட்டு குப்பி ரத்தம் ரோட்டில் உடைந்ததில், பார்த்தவர்கள் எல்லாம் அவள் ரத்தமென்றே நினைத்து அலறிவிட்டார்கள்.

மறுநாள் கூடத்திலிருந்து வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தது. 'அதிவேகமாகவும் கவனக்குறைவாகவும் ஓட்டியதற்கு ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது?'

கையைத் துணித்தொட்டிலில் போட்டுக் கட்டியிருந்த நாத்தனார் அதைப் படித்துவிட்டு, அண்ணனைத் தேடினாள். அவர் வேலைக்குப் போயிருந்தார். சமையலறை வாசலில் அண்ணி நின்றிருந்தாள். வேறு வழியில்லை.

"நான் வேகமா போகல அண்ணி" என்றாள். "முப்பதைத் தாண்டல. சத்தியமா."

நாலு மாதத்துக்குப் பிறகு வந்த முதல் வார்த்தை. அண்ணி கடிதத்தை வாங்கிப் படித்தாள். இரண்டு தடவை படித்தாள்.

"தெரியும்" என்றாள். "உனக்கு வாயிலதான் வேகம். வண்டியில இல்ல."

நாத்தனாருக்குச் சிரிப்பு வந்து, எலும்பு வலித்து, அழுகையும் சேர்ந்து வந்தது.

அண்ணி நேரே கூடத்தின் பின்முற்றத்துக்குப் போனாள். விழுந்த வண்டி சுவரில் சாய்ந்திருந்தது. குந்தி உட்கார்ந்து டயரை விரலால் தடவினாள். நடுவில் ஒரு விரல் அகலத்துக்கு மட்டும் ரப்பர் தேய்ந்து பளபளத்தது. இரண்டு ஓரத்திலும் புது டயரில் இருக்கும் ரப்பர் மயிர்கூட உதிராமல் இருந்தது. ஆக, அந்தப் பெண் இத்தனை நாளும் ஒரு விரல் அகல ரப்பரை நம்பித்தான் ரோட்டில் போய் வந்திருக்கிறாள்.

அடுத்த நாள் காலை, எல்லோரும் கிளம்பும் நேரம். அண்ணி கொண்டையிலிருந்து ஒரு ஹேர்பின்னை உருவினாள். தன் வண்டியின் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அரக்கைக் கீறிப் பெயர்த்தாள். மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த முனையை ஹேர்பின்னால் அழுத்தினாள். 'புஸ்ஸ்' என்ற சத்தம் முற்றம் முழுக்கக் கேட்டது. காற்றுமானியை வைத்துப் பார்த்தாள். முன்னால் இருபத்தைந்து. பின்னால் இருபத்தெட்டு.

சொட்டு சார் ஓடி வந்தார். "என்னம்மா பண்றீங்க? அது ஆபீஸ் முத்திரை!"

"எலும்பு எங்க வீட்டுது சார்" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினாள்.

மாலையில் நாற்பது ஏற்றி மறுபடியும் முத்திரை வைத்தார். காலையில் அவள் மறுபடியும் உடைத்தாள். மூன்றாம் நாள் அவர் இரட்டை அரக்கு வைத்தார். அவள் இரண்டு ஹேர்பின் கொண்டுவந்தாள். அன்று மாலை அவளுக்கும் ஒரு கடிதம். 'திங்கட்கிழமை, பெரிய டாக்டரம்மா முன்னிலையில் விசாரணை.' கூடம் டாக்டரம்மாவுடையது. அவர் பேசுவது குறைவு. பேசினால் அதுதான் முடிவு.

விசாரணைக்கு வெறுங்கையோடு போனால் வெறும் வாய்ச்சண்டையாகிவிடும் என்று அண்ணிக்குத் தெரியும். கிலோமீட்டர் எழுதும் தாள்களைப் புரட்டினாள். அப்போதுதான் அது கண்ணில் பட்டது. அவள் ரூட் மூன்று வருடமாக எண்பது கிலோமீட்டர். ஒரு நாளும் கூடியதில்லை, குறைந்ததில்லை. மெல்லிசு டயர் போட்ட நாளிலிருந்து எண்பத்திரண்டு.

"ரோடு வளருமா அண்ணே?" என்று மெக்கானிக்கிடம் கேட்டாள்.

அவர் பீடியைக் காதில் செருகிக்கொண்டு யோசித்தார். "ரோடு வளராது. சக்கரம் குறுகியிருக்கும்" என்றார். "மீட்டர் முன்சக்கரத்துல ஓடுது. அது சுத்தைத்தான் எண்ணும், ரோட்டை எண்ணாது."

பழைய டயர் மாட்டிய ஒரு சக்கரமும் புது டயர் மாட்டிய ஒரு சக்கரமும் எடுத்தார்கள். சாக்பீஸால் கோடு போட்டு, இரண்டையும் முற்றத்தில் பத்துச் சுற்று உருட்டினார்கள். மெல்லிசு டயர் கிட்டத்தட்ட ஒரு முழம் பின்தங்கி நின்றது. அண்ணி அந்த இடைவெளியைக் கையால் அளந்து பார்த்து, முதல் தடவையாகச் சிரித்தாள்.

திங்கட்கிழமை டாக்டரம்மா கை கழுவித் துடைத்துக்கொண்டே நாற்காலிக்கு வந்தார். சொட்டு சார் அட்டவணையை விரித்தார். உடைந்த அரக்குத் துண்டுகளை ஒரு உறையில் போட்டு, கொலை வழக்குச் சாட்சி போல மேஜையில் வைத்தார்.

"லிட்டருக்கு மூணு கிலோமீட்டர் கூடியிருக்கு மேடம். இவங்க ஒருத்தர்தான் ஒத்துழைக்கல."

"நீ என்ன சொல்ற?" என்று டாக்டரம்மா அண்ணியைப் பார்த்தார்.

"அந்த மூணுல பாதி பொய் மேடம். சாரோட பொய் இல்ல, மீட்டரோட பொய்" என்று ஆரம்பித்து, எண்பதையும் எண்பத்திரண்டையும் காட்டினாள். ஒரு முழக் கணக்கைச் சொன்னாள். பிறகு பையிலிருந்து ஆறு ரத்தக் குப்பிகளை எடுத்து வரிசையாக வைத்தாள். ஒவ்வொன்றிலும் ஐந்து மில்லி. உள்ளே மஞ்சளாக ஏதோ இருந்தது.

"யாரோட மாதிரி இது?"

"பெட்ரோல் மேடம். முன்னாடி ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் முந்நூத்தி முப்பது மில்லி போட்டோம். இப்ப ஒரு லிட்டர் முந்நூறு. ஒரு வண்டிக்கு ஒரு நாள் மிச்சம் இவ்வளவுதான். முப்பது மில்லி."

டாக்டரம்மா குப்பிகளைப் பார்த்தார். "மூடி நல்லா இறுக்கமா இருக்கா? இது லேப்" என்றார். ஆனால் கண்ணை எடுக்கவில்லை.

சொட்டு சார் விடவில்லை. "மேடம், ஏழு வண்டி, முந்நூறு நாள். அறுபத்துமூணு லிட்டர் ஆகுது. அதைச் சும்மான்னு சொல்ல முடியுமா?" அவர் சொன்னது உண்மைதான்.

"சும்மான்னு சொல்லல சார். ஒரு கழுத்துப்பட்டை எலும்பு எத்தனை லிட்டர்னு கேக்கறேன். ரோட்டுல உடைஞ்ச முப்பத்தெட்டுப் பேர் ரத்தம் எத்தனை லிட்டர்? அவங்க எல்லாரும் மறுபடியும் கை நீட்டினாங்களே, அந்த ஊசிக்கு என்ன கணக்கு?" அவள் குரல் உயர்ந்தது, அவள் அதைத் தணிக்கவில்லை. "காத்து குறைஞ்சாலும் பெட்ரோல் குடிக்கும். எனக்கும் தெரியும். நீங்க வர்றதுக்கு முன்னாடி பாதி வண்டியில பதினெட்டுதான் இருந்துச்சு, யாரும் பாக்கல. வாரா வாரம் மானி வெச்சுப் பாருங்க. வண்டிக் கம்பெனிக்காரன் சொன்ன டயர், சொன்ன காத்து. உங்க சொட்டு அதுலயே பாதி கிடைக்கும். எங்க எலும்பும் எங்ககிட்டயே இருக்கும்."

ஜன்னல் வழியாக டாக்டரம்மா முற்றத்தைப் பார்த்தார். கிளம்பத் தயாராக நின்ற மற்ற ஐந்து பேரும் தங்கள் வண்டிப் பக்கத்தில் குந்தியிருந்தார்கள். ஒருவன் சாவியால், ஒருவன் பேனாக்கத்தியால், ஒருவன் பல்லால்கூட. புஸ், புஸ் என்று கேட்டது. யாரும் அவர்களிடம் சொல்லவில்லை, அண்ணிகூடச் சொல்லவில்லை.

"பழைய டயரையே மாட்டுங்க" என்றார் டாக்டரம்மா. "காத்து கம்பெனி அளவு. வாராவாரம் நீங்களே பாருங்க" என்று சொட்டு சாரிடம் சொன்னார்.

"என் நாத்தனார் கடிதத்துல 'அதிவேகம்'னு இருக்கு மேடம்."

டாக்டரம்மா அந்தக் கடிதத்தை வாங்கி, குறுக்கே ஒரு கோடு போட்டுக் கையெழுத்திட்டார். பிறகு இன்னொரு தாளை அண்ணி பக்கம் தள்ளினார். "ஆனா முத்திரையை உடைச்சது தப்புதான். கூடத்துல ஒரு ஒழுங்கு வேணும். வருத்தம் தெரிவிக்கிறேன்னு எழுதியிருக்கு. ஒரு கையெழுத்து போட்டுட்டுப் போ."

அண்ணி படித்தாள். பேனாவைத் தொடவில்லை.

"எனக்கு வருத்தம் இல்லையே மேடம்."

"வெறும் சம்பிரதாயம்."

"இருக்கட்டும். வராத வருத்தத்தை எப்படி எழுதித் தர்றது?"

"அப்ப அடுத்த மாசம் உனக்கு வர வேண்டிய மூத்த ஓட்டுநர் பதவி வராது."

"வேற யாருக்காவது குடுங்க. மானி பாக்கத் தெரிஞ்சவங்களா பாத்துக் குடுங்க" என்று சொல்லிவிட்டு, குப்பிகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள்.

பதவி வரவில்லை. பதிலாக, குண்டும் குழியுமான வடக்கு ரூட் வந்தது. வீட்டுக்காரர், "ஒரு கையெழுத்துதானே, போட்டிருக்கலாமே" என்று இழுத்தார். அவள் வாய் திறக்குமுன் உள்ளேயிருந்து நாத்தனார் பாய்ந்தாள்: "நீ சும்மா இரு அண்ணா! போட்டிருந்தா நானே அண்ணிகிட்ட பேசியிருக்க மாட்டேன்." அவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தன் வீட்டு லிஃப்ட் வேலை போய்விட்டதைப் புரிந்துகொண்டு செய்தித்தாளை விரித்தார்.

ஒரு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை. சொட்டு சார் முழங்கால் போட்டு அவள் வண்டியின் முன்சக்கரத்தில் மானியை வைத்துக்கொண்டிருந்தார். மனிதர் செய்தால் எதையும் சரியாகச் செய்கிறவர்; இப்போது இதையும் ஒரு வாரம்கூட விடாமல் செய்கிறார்.

"இருபத்தஞ்சு" என்று எழுதிக்கொண்டார். தலை நிமிராமலே, "அந்தத் தாள் இன்னும் ஃபைல்ல அப்படியே இருக்கும்மா. கையெழுத்து இல்லாம" என்றார்.

"இருக்கட்டும் சார்" என்று அண்ணி ஐஸ் பெட்டியின் பட்டையை இழுத்துக் கட்டினாள். "பின்சக்கரத்தையும் பாருங்க. இருபத்தெட்டு இருக்கணும்."