விருத்தகிரியைப் பிடித்துக்கொண்ட பாட்டு

விருத்தகிரிக்குப் பாட்டு என்றால் மேளம் இருக்க வேண்டும், நாயனம் இருக்க வேண்டும், பாடுகிறவன் தொண்டை புடைக்கப் பாட வேண்டும். இதெல்லாம் இல்லாமல் கம்ப்யூட்டரில் தட்டி எடுக்கிற சத்தத்துக்குப் பாட்டு என்று பேர் வைத்தால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்பேர்ப்பட்ட மனிதரை, விருத்தாசலம் செராமிக் பேட்டையில் இருபத்திரண்டு வருஷமாகச் சூளை பார்க்கிறவரை, ஒரு டொய்ங் டொய்ங் பாட்டு சட்டையைப் பிடித்து உட்கார வைத்தது. நம்பினால் நம்புங்கள்.

பாட்டைக் கொண்டுவந்தவள் வாசுகி. அதே யூனிட்டில் பொம்மைகளுக்குக் கண் எழுதுகிறவள். காலையில் செல்லை டப்பாமேல் சாய்த்து வைத்தாளானால் சாயங்காலம் வரைக்கும் அந்த ஒரே பாட்டுதான்.

"அந்தக் கருமத்த நிறுத்தேம்மா. மோட்டாரு ஓடுற மாதிரி இருக்குது" என்றார் விருத்தகிரி.

"இதுக்குப் பேரு சின்த் பாப்புண்ணே. இப்ப இதான் ஓடுது."

"ஓடட்டும். எங்கியாவது ஓடித் தொலையட்டும்."

அது எங்கே ஓடியது? மூன்றே நாளில் அவர் வாயிலேயே வந்து குந்திக்கொண்டது. பொம்மைகளைத் தட்டில் அடுக்கும்போது தலை தானாக ஆடியது, செருப்புக் கால் தாளம் போட்டது. வாசுகி பார்த்துவிட்டாள்.

"என்னாண்ணே, வாயில என்னமோ ஓடுது?"

"பாக்கு" என்றார் விருத்தகிரி. அவர் ஜென்மத்தில் பாக்குப் போட்டதில்லை.

பாட்டை முணுமுணுக்கிற நிலைமையிலா இருந்தார் மனிதர்? பெண்டாட்டி மகேஸ்வரி வீட்டை விட்டுப் போய் அன்றோடு ஒன்பது நாள். வேறு ஒன்றுமில்லை, எல்லாம் இவர் வாய்க் கொழுப்பு. மகேஸ்வரி நாற்பது வயதில் பிரைவேட்டாகப் பத்தாவது எழுதிப் பாஸ் பண்ணியிருந்தாள். தன் தம்பி வீட்டுப் புதுமனைப் பந்தியில், சாம்பார் வாளியோடு நின்றபடி அதை அவள் சந்தோஷமாகச் சொன்னாள். இலையில் உட்கார்ந்திருந்த விருத்தகிரி, "ஆமா, நாளைக்கே கலெக்டரு வேலைக்குக் கூப்புடப் போறான், அதுக்குத்தான் வாளி தூக்கிப் பழகுறா" என்றார். பந்தியே சிரித்தது. மகேஸ்வரி வாளியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனவள், அவரோடு வீடு திரும்பவில்லை. கருவேப்பிலங்குறிச்சியில் தம்பி வீட்டிலேயே தங்கிவிட்டாள்.

இந்த ஒன்பது நாளில் ஐந்து தடவை போய்விட்டார். ஒவ்வொரு தடவையும் கையில் ஒரு பை இனிப்பு, வாயில் ஒரே பேச்சு: "நான்தான் வந்துட்டன்ல, கெளம்பு." அவள் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று வரமாட்டேன் என்பாள். உடனே இவருக்குச் சுர்ரென்று ஏறும். புதிதாக ஒன்றைச் சொல்லிவிட்டு வருவார். ஐந்தாவது தடவை கிளம்பும்போது அந்தத் தம்பி, மச்சான் கொளஞ்சிநாதன், பஸ் நிறுத்தம் வரைக்கும் கூடவே வந்தார். "மாமா, இன்னொரு வாட்டி வந்து இப்படிப் பேசுனீங்கன்னா, பெரியவங்கள வச்சு ஒரேயடியா பேசி முடிச்சுரலாம்" என்றார். முடிப்பது என்றால் என்ன என்று விருத்தகிரிக்குப் புரியாமல் இல்லை. பேச்சு அந்த அளவுக்குப் போவதற்குள் அவளைக் கூட்டி வந்துவிட வேண்டும் என்றுதான் ஆறாவது தடவையும் உடனே போகத் துடித்தார்.

பத்தாவது நாள் ரெண்டு மணி பஸ்ஸைப் பிடிக்கணும். ஆனால் சூளை ஆறவில்லை, பொம்மைகளை இறக்காமல் கிளம்ப முடியாது. பர்னரை முந்தின நாளே அணைத்தாயிற்று. மீட்டரோ இன்னும் இருநூற்று நாற்பது டிகிரியில் நிற்கிறது. நூறுக்குக் கீழே இறங்காமல் சூளைக் கதவில் கை வைக்கக் கூடாது என்பது அந்த யூனிட்டில் விருத்தகிரி போட்ட சட்டம். அவசரப்பட்டுத் திறந்தால் வெளிக்காற்று பட்ட மாத்திரத்தில் பொம்மைகள் டிங் டிங் என்று உள்ளேயே விண்டுபோகும். முதலாளியே ஒரு தடவை திறக்கச் சொன்னபோது, "வேற ஆளப் பாத்துக்கங்க" என்று துண்டை உதறித் தோளில் போட்டவர் அவர். அந்த விருத்தகிரிதான் இப்போது, ஒரு விரல்கடை திறந்து வைத்தால் சீக்கிரம் இறங்கிவிடும், பஸ்ஸும் கிடைத்துவிடும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு கைப்பிடியைப் பிடித்தார்.

வாசுகியின் செல்லில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. இத்தனை நாள் மெட்டுதான் அவரைப் பிடித்திருந்தது. வார்த்தை காதில் விழுந்தும் மனசுக்குள் போகவில்லை. அன்றைக்குப் போனது.

கதவைத் திறக்காதே, கதவைத் திறக்காதே,
உள்ளே இன்னும் சிவப்பாய் இருக்கிறேன்.
நெருப்பு அணைந்தது உனக்குத் தெரியும்,
மிச்சச் சூடு எனக்குத்தான் தெரியும்.

விருத்தகிரி கைப்பிடியை விட்டார்.

"வாசுகி, அத இன்னொரு வாட்டி போடு."

போட்டாள். அப்புறம் இன்னொரு தடவை. ஆறு தடவை கேட்டார், நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. ரோமம் குத்திட்டு நின்றது.

"யாரும்மா எழுதுனது? எந்தூருச் சூளையில வேல பாத்த ஆளு?"

வாசுகி செல்லைத் தடவிப் பார்த்தாள். "சூளையா? அட போங்கண்ணே. இது லவ் பாட்டு. யாரோ ஒரு பொண்ணு, ரூமுக்குள்ள உக்காந்துக்கிட்டு கம்ப்யூட்டர்லயே போட்டுருக்குது. பாத்தா காலேஜ் படிக்கிற புள்ள மாதிரி இருக்குது."

அவருக்கு அதிசயமாக இருந்தது, சும்மா அதிசயம் இல்லை, கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது. சூளையை அந்தப் பெண் கண்ணால் பார்த்திருக்க மாட்டாள். அணைத்த அடுப்புக்கும் ஆறிய அடுப்புக்கும் நடுவில் ஒரு நாள் முழுக்க இருக்கிறது என்று இவருக்குக் கற்றுக்கொள்ள இருபத்திரண்டு வருஷம் ஆயிற்று. அவளோ நாலு வரியில் சொல்லிவிட்டு மேலே ஆடுவதற்குத் தாளமும் போட்டுவிட்டாள். இதே நேரத்தில் சேத்தியாத்தோப்பு பஸ்ஸில் ஒருவன் இதைக் கேட்டுக்கொண்டிருப்பான். எங்கேயோ துணிக்கடையில் ஒருத்தி கேட்பாள். அத்தனை பேருக்கும் ஆளுக்கொரு கதவு இருக்கும். ஒரு சின்னப் பெண் எல்லாருடைய கதவையும் எப்படித் தெரிந்து வைத்திருக்கிறாள்? யோசிக்க யோசிக்க விருத்தகிரிக்கு மலைப்பாக வந்தது.

அப்புறம்தான் உறைத்தது. மண் பொம்மைக்கு முப்பது மணி நேரம் காத்திருக்கத் தெரிந்தவர், மகேஸ்வரிக்கு ஒன்பது நாளில் ஐந்து தடவை கதவைப் பிடித்து இழுத்திருக்கிறார். இழுத்த ஒவ்வொரு தடவையும் அவளுக்குள் என்ன விண்டதோ. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. வாசுகி பார்க்கக் கூடாதே என்று மீட்டரைத் துடைப்பதுபோல் திரும்பிக்கொண்டார்.

ரெண்டு மணி பஸ் போயிற்று. அவர் போகவில்லை. அடுத்த நாளும் போகவில்லை, அதற்கடுத்த நாளும். சும்மா இருப்பது லேசான காரியம் என்று யாரும் நினைக்க வேண்டாம். சூளைக்காவது மீட்டர் உண்டு. இவருக்கு ஒரு முள்ளும் இல்லை, எண்ணும் இல்லை. ஒருவேளை மகேஸ்வரி, 'சரி, தலைமுழுகிவிட்டான்' என்று நினைத்துவிட்டால்? மூன்று நாளும் சோறு இறங்காமல், யூனிட்டில் எல்லார்மேலும் எரிந்து விழுந்துகொண்டு கிடந்தார்.

நாலாம் நாள் காலை டீ நேரத்தில் செல் அடித்தது. மகேஸ்வரி.

"ஒடம்பு கிடம்பு சரியில்லயா?" என்றாள். குரலில் கோபம் அப்படியேதான் இருந்தது. "ஆளக் காணோமேன்னு தம்பி கேட்டான்."

"நல்லாத்தான் இருக்கன்."

"அப்பறம் ஏன் வர்ல?"

'நான் வர்றன், கெளம்பி இரு' என்ற பேச்சு நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. டீயோடு சேர்த்து விழுங்கினார். நாக்கு பொரிந்தது. பந்தியில் தான் வாயைத் திறந்த அந்த நிமிஷத்தை நினைத்துப் பார்த்தார். அதற்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய ஒன்றைத் தான் இன்று வரைக்கும் கேட்கவேயில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

"மகேஸு" என்றார். "தமிழ்ல எவ்ளோ மார்க்கு?"

வைத்துவிட்டாளோ என்று செல்லைப் பார்த்தார். வைக்கவில்லை.

"எண்பத்தாறு" என்றாள் மகேஸ்வரி. அழுகிறாள் என்று தெரிந்தது. "இருங்க, மார்க்கு சீட்டு உள்ள இருக்குது. எடுத்தாந்து எல்லாத்தயும் படிக்கிறன்."