கட்டை யார் கழுத்தில்

அந்தப் பள்ளியில் மாதத்துக்கு ஒரு நற்பண்பு. மாதா சிலை வைத்த கெபிக்குப் பக்கத்துப் பலகையில் தலைமையாசிரியை சிஸ்டர் பெனிக்னா அதை வண்ணச் சாக்பீஸில் தம் கையாலேயே எழுதுவார். தொண்ணூற்றேழாம் வருடம் ஜூலையில் பிறரன்பு. அதற்கு நேர் கீழே, ஓர் ஆணியில், யார் கழுத்திலும் இல்லாதபோது கட்டை தொங்கும்.

கட்டை என்றால் உள்ளங்கை அகல மரத்துண்டு, சணல் கயிறு கோத்தது. பள்ளிக்குள் தமிழோ கன்னடமோ உருதுவோ பேசிய பிள்ளையின் கழுத்தில் அது ஏறும். கட்டை போட்ட பிள்ளை, வேறொரு பிள்ளை அப்படிப் பேசுவதைக் கேட்டுப் பிடித்தால், கழற்றி அதன் கழுத்தில் மாட்டிவிடலாம். மாலை மணி அடிக்கும்போது யார் கழுத்தில் கிடக்கிறதோ, அந்தப் பிள்ளைதான் வகுப்பைக் கூட்டவேண்டும். மறுநாள் காலை மறுபடி அதே கழுத்திலிருந்துதான் ஆட்டம் தொடங்கும். பள்ளி இருந்த ஜீவனஹள்ளியில் பெற்றோருக்கு இதில் ஏகத் திருப்தி. பிள்ளை இங்கிலீஷ் பேசினால் போதும், கழுத்தில் என்ன தொங்கினால் அவர்களுக்கென்ன.

நான்காம் வகுப்பு டீச்சர் டோரீனுக்கு அந்தக் கட்டையைக் கண்டாலே ஆகாது. ஆனால் வாயைத் திறந்ததில்லை. அவளுடைய வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. நிரந்தரமாக்கும் தாளில் கையெழுத்துப் போடவேண்டியவர் சிஸ்டர்.

வம்பை வீட்டுக்குள் அழைத்து வந்ததும் சிஸ்டர்தான். பிள்ளைகள் தாங்களே கேள்வி கேட்டு, தாங்களே பார்த்து, தாங்களே விடை தேடும் புது முறையைக் கற்றுவர டோரீனைப் பயிற்சிக்கு அனுப்பினார். திரும்பி வந்ததும், "இந்த மாச வேல்யூவை வச்சு உன் கிளாஸ் ஒரு கேள்வி எடுக்கட்டும். பேரன்ட்ஸ் டேக்குக் காட்டணும்" என்றார். எறும்பு எறும்புக்கு உதவுமா என்கிற மாதிரி ஏதாவது சமர்த்தாக வரும் என்று எதிர்பார்த்தார் பாவம்.

கிருத்திகா எழுந்தாள். தர்மபுரியிலிருந்து வந்து ஆட்டோ ஓட்டுபவரின் மகள். தெரிந்த இங்கிலீஷைக் கூட்டிப் பொறுக்கிக் கேட்டாள்: கட்டை மாட்டினால் இங்கிலீஷ் வருமா, பிறரன்பு வருமா, இரண்டுமே வராதா?

வேறு கேள்வி கேள் என்று டோரீன் சொல்லியிருக்கலாம். சொல்லக் கூச்சமாக இருந்தது. "பார்த்துக் கண்டுபிடிங்க" என்றாள்.

பார்த்தார்கள். தங்கள் வகுப்பில் கட்டை சுற்றும் நாளில் இங்கிலீஷ் கூடவில்லை, பேச்சே குறைந்தது. சாப்பாட்டு வேளையில் ஒருத்தி வாயை ஒருத்தி பார்த்தபடி தோழிகளே தள்ளி உட்கார்ந்தார்கள். லவினா ஒரு காரியத்தை ஒப்புக்கொண்டாள்: கட்டையைத் தள்ளிவிடுவதற்காகத் தன் உயிர்த்தோழியைக் கிள்ளியிருக்கிறாள். கிள்ளினால் யாரும் இங்கிலீஷில் அலறுவதில்லை. "அம்மா" என்றதும் கட்டை கைமாறிவிட்டது. அதைக் கேட்டு மற்றவர்கள் சிரித்தார்கள். எல்லோருமே கிள்ளியவர்கள்தான் என்று அப்போது தெரிந்தது.

கிருத்திகா அடுத்த கேள்விக்குப் போனாள். கட்டை சுற்றாமல் ஒரே இடத்தில் நின்றால்? கட்டை போட்டிருந்த நோயலின் எதிரே போய் நின்று சத்தமாகத் தமிழ் பேசி அதை வாங்கிக்கொண்டாள். பிறகு யாரையும் பிடிக்கவில்லை. தினமும் வகுப்பைக் கூட்டினாள். ஒட்டுக்கேட்க ஆளில்லாததால் வகுப்பு வாய்விட்டுப் பேசத் தொடங்கியது. வேடிக்கை என்னவென்றால், இங்கிலீஷும் வந்தது. தப்பும் தவறுமாக, பயமில்லாமல் வந்தது.

அடுத்த வாரம் சிஸ்டர் கவனித்துவிட்டார். "பக்கத்துல எல்லாரும் தமிழ் பேசுறாங்க. ஏன் பிடிக்கல?"

"பிடிக்க மாட்டேன் சிஸ்டர்."

அவ்வளவுதான். டோரீன் அலுவலறைக்கு அழைக்கப்பட்டாள். வெள்ளிக்கிழமை அசெம்ப்ளியில் கிருத்திகா கெபி முன் முழங்காலிட்டு மன்னிப்புக் கேட்கவேண்டும். இல்லையென்றால் டிசி என்றார் சிஸ்டர்.

"கேள்வி கேக்கச் சொன்னது நாம சிஸ்டர். அவ விடை கண்டுபிடிச்சிருக்கா."

"அந்த ஆட்டோ டிரைவர் எதுக்கு இங்க சேர்த்தார்? தமிழ் அவர் வீட்லயே இருக்கு. இங்கிலீஷ் இல்லாம இந்த ஊர்ல அந்தப் பொண்ணுக்கு என்ன கிடைக்கும்? நான் அவ நல்லதுக்குத்தான் பண்றேன்."

அது பொய்யில்லை என்பதுதான் டோரீனுக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது. "நீங்க உங்க தாய்மொழி கொங்கணியிலதான ஜெபமாலை சொல்றீங்க? அதுக்காக உங்க கழுத்துல யாரும் எதையும் மாட்டலியே."

சிஸ்டரின் முகம் சிவந்தது. "உன் பேப்பர் என் மேஜைலதான் இருக்கு, டோரீன்."

வெள்ளிக்கிழமை. மழை விட்ட ஈரத் தரையில் பள்ளி முழுவதும் வரிசையில் நின்றது. கட்டையோடு கிருத்திகா கெபி முன் முழங்காலிட்டாள். உதடு நடுங்கியது. அந்த நடுக்கத்தைப் பார்த்ததும் டோரீனுக்குத் தாளும் நிரந்தரமும் மறந்துபோயின. படியிறங்கிப் போய் எல்லோருக்கும் கேட்கும்படி தமிழில் சொன்னாள்:

"எந்திரி கண்ணு. மன்னிப்புக் கேக்கிற மாதிரி நீ ஒண்ணும் பண்ணல."

டோரீன் குனிந்து கழுத்தை நீட்டினாள். "நான் தமிழ் பேசிட்டேன். மாட்டு."

கிருத்திகா மாட்டேன் என்று தலையாட்டினாள். "யாரையும் பிடிக்க மாட்டேன் மிஸ்."

"நீ பிடிக்கல. நானா கேட்டு வாங்கிக்கிறேன்."

சிறுமி சற்று யோசித்தாள். அதில் தப்பில்லை என்று பட்டது போலும். கட்டையைக் கழற்றி டீச்சரின் கழுத்தில் போட்டாள். கயிறு ஈரமாக இருந்தது, பிள்ளையின் வியர்வை. இதையா இத்தனை நாள் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று நினைத்துக்கொண்டாள் டோரீன். சிஸ்டர் பேச வாயெடுத்து, வரிசைகளைப் பார்த்து, மணியடிக்கச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

இடைவேளையில் டோரீன் கட்டையோடு வராந்தாவில் நின்றாள். முற்றத்தில் தமிழும் கன்னடமும் உருதுவும் கொஞ்சம் இங்கிலீஷுமாக ஒரே இரைச்சல். சிஸ்டர் பெனிக்னா பக்கத்தில் வந்து நின்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். அதுவரை பள்ளிக்குள் இங்கிலீஷிலேயே பேசிவந்தவர், முதல்முறையாகத் தமிழில் கெஞ்சினார்.

"எல்லாப் பிள்ளைங்களும் அவங்கவங்க பாஷையில பேசுறாங்க டோரீன். யாராவது ஒருத்தரைப் பிடி. கழட்டிடு. நானும் கையெழுத்துப் போட்டுடறேன், இதோட மறந்துடலாம்."

நோயல் தூணோரம் நின்று கன்னடத்தில் கத்தினான். லவினா தமிழில் பதில் கத்தினாள்.

டோரீன் கட்டையை நெஞ்சின் நடுவே நேராக்கிவிட்டுக்கொண்டாள். "எனக்கு ஒண்ணும் கேக்கல சிஸ்டர்."