மெயின் ஆஃப் பண்ணியா?

தொண்டையில் வந்த கட்டிக்குக் குரல்வளையையே எடுத்தாக வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது, அக்பர் பாய் கத்திக்குப் பயப்படவில்லை. "அப்புறம் பேச்சே வராதுங்களா?" என்று ஒன்றைத்தான் கேட்டார். வராது என்றார்கள். அவர் மனைவி சைதுன்னிசா கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

பயப்படாதீர்கள் கண்ணுகளா, ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆள் இன்றைக்கும் இருக்கிறார், குழம்பில் உப்புக் குறைந்தால் முகத்தைச் சுளிக்கிறார். நான் சொல்ல வந்தது அவருடைய குரலைப் பற்றி.

பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தவர் அவர். ஹால் நிறைய தையல் மிஷின்கள் ஓடுகிற இரைச்சலுக்கு மேலே "டேய், அந்த ட்ராலிய நகத்துடா!" என்று ஒரு சத்தம் போட்டால், ட்ராலி தானாகவே நகர்ந்துவிடும் போலிருக்கும். அப்படிப்பட்ட குரலை எங்கே கொண்டு போய் வைப்பது?

வைக்க ஓர் இடம் இருக்கிறது என்றான் ஷாபாஸ். சைதுன்னிசாவின் அண்ணன் மகன், கடைகளுக்குக் கேமரா மாட்டிக் கொடுக்கிறவன். முன்பு ஒருமுறை மாமாவின் போன் நிறைந்துபோய்ப் படமெல்லாம் அழிக்க வேண்டி வந்தபோது, டிபன் பாக்ஸ் அளவில் ஒரு சர்வர் பெட்டியைக் கொண்டுவந்து உள்ரூம் பீரோ மேல் வைத்திருந்தான். வீட்டுப் படங்களும் வீடியோக்களும் தாமாகவே அதில் போய்ச் சேரும். பக்கத்தில் வயர் போட்டு இன்னொரு டிஸ்க். எல்லோரும் தூங்கிய பிறகு பெட்டி தன்னிடம் உள்ளதை அந்த டிஸ்கில் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளும். "இது பாட்டுக்கு ஓடட்டும் மாமி, நீங்க கண்டுக்க வேண்டாம்" என்று அன்றைக்குச் சொன்னான். அவர்களும் கண்டுகொள்ளவில்லை. இருட்டில் ஒரு பச்சை விளக்கு மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது.

"வேற கம்ப்யூட்டர் எதுக்குங்க மாமா? இதுவும் கம்ப்யூட்டர்தானுங்க. ஸ்கிரீன், கீபோர்டு, மவுஸ் மாட்டுனா ஆச்சு. ஆபரேஷனுக்கு முன்னாடியே உங்க வாயால பேசி வச்சிருங்க. அப்புறம் வேணுங்கிறத அமுக்கிக்கலாம்."

பெட்டியும் டிஸ்கும் பீரோவிலிருந்து இறங்கி முன்ரூம் மேஜைக்கு வந்தன. முன்ரூமில்தான் மேஜை இருந்தது. கம்பெனியிலிருந்து வந்த பனியன் கட்டுகளும் அங்கேதான் இருந்தன. நூல் பிசிறு வெட்டி, ஓட்டை இருக்கிறதா என்று பார்த்து, மடித்துக் கொடுப்பது சைதுன்னிசாவின் வேலை.

அக்பர் பாய் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, தினமும் சாயந்திரம் பேசிப் பதிந்தார். முதலில் கூச்சப்பட்டார். பிறகு கட்டிங் டேபிளில் துணி விரிப்பது போல ஒழுங்காக ஆரம்பித்துவிட்டார். டீ. வெந்நீர். கதவத் தட்டறாங்க பாரு. வாங்க வாங்க, உக்காருங்க. கரண்ட் போயிருச்சா? ஏ புள்ள, அறிவிருக்கா உனக்கு? கடைசி நாள் கதவைச் சாத்திக்கொண்டு ஏதோ ஒன்றைப் பேசினார். அது "சைது" என்கிற ஒரு சொல். நாலு பேர் இருக்கும்போது 'புள்ள', தனியாக இருந்தால் 'சைது'.

ஆபரேஷன் முடிந்து வந்தபோது தொண்டையில் ஓட்டையும் அதன் மேல் ஒரு துணியும் இருந்தன. கழுத்தில் வைத்துப் பேசுகிற கருவி ஒன்றைக் கொடுத்தார்கள். ஒருமுறை வைத்துப் பார்த்தார். ஓவர்லாக் தையல் மிஷின் பேசுவது போல வந்தது. பீரோவில் போட்டுப் பூட்டிவிட்டார். அதன் பிறகு அந்த முன்ரூம் பெட்டிதான் அவருக்கு வாய்.

காலையில் எழுந்ததும் ஸ்கிரீன் முன்னால் உட்கார்ந்துவிடுவார். அதிலேயே செய்தி படிப்பார், அதிலேயே கரண்ட் பில் கட்டுவார், அதிலேயே பேசுவார். ஸ்பீக்கரில் அதே பழைய கட்டிங் மாஸ்டர் குரல்.

பக்கத்து வீட்டுப் பாண்டியம்மாள் கமுதிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள், சைதுன்னிசாவோடு உட்கார்ந்து பிசிறு வெட்டுவாள். முதல் நாள் அவள் பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"ஏக்கா, சர்வருங்கிறீக. சாம்பார் ஊத்துமா?"

அக்பர் பாய் அமுக்கினார். "ஏ புள்ள, அறிவிருக்கா உனக்கு?"

"ஆத்தாடி! தொண்டைய அறுத்தும் அண்ணே வாய் அடங்கலியே! இன்னொருக்கா வைங்கண்ணே, கேப்போம்."

அவர் மறுபடி அமுக்குவார். தோள் குலுங்கும். சிரிப்புக்குச் சத்தம் கிடையாது, ஆனால் சிரித்தார். பாண்டியம்மாள் திட்டு வாங்குவதற்காகவே வேண்டுமென்று பனியன் பீஸைத் தப்பாக மடித்து வைப்பாள்.

படுக்கப் போகும் முன் ஒரு வழக்கம் உண்டு. கம்பெனியில் ஒரு தடவை, ஓடவிட்டு வந்த ஒரு ஃபேனிலிருந்து பஞ்சுத் தூசியில் தீப்பிடித்து ஒரு ஷெட் முழுவதும் போனது. அன்றிலிருந்து கடைசியாக வெளியே வருகிறவர் மெயின் சுவிட்சை இறக்க வேண்டும், அக்பர் பாய் கேட்டில் நின்று ஒவ்வொரு ஹாலாகக் கேட்பார். வீட்டிலும் அப்படித்தான். பனியன் கட்டுகள் கிடக்கிற முன்ரூமுக்குத் தனி மெயின் போட்டிருந்தார். பெட்டி மேஜைக்கு வந்த பிறகு, அவர் கடைசியாக அமுக்குவது எப்போதும் ஒன்றைத்தான்.

"மெயின் ஆஃப் பண்ணியா புள்ள?"

"ஆச்சுங்க" என்று சொல்லிக்கொண்டே சைதுன்னிசா இறக்குவார். அந்தக் குரல் ஓய்வதும் ஸ்கிரீன் இருள்வதும் ஒன்றாக நடக்கும். இரண்டு பேரும் நிம்மதியாகத் தூங்கப் போவார்கள்.

ஒருநாள் காலை மெயினை ஏற்றினால் ஸ்கிரீனில் கறுப்பு. அதில் வெள்ளை எழுத்துகள் நாலு வரி. பெட்டிக்குள்ளே 'டிக், டிக்' என்று நகம் சுண்டுகிற சத்தம். அக்பர் பாய் மவுஸை அமுக்கினார். மறுபடி அமுக்கினார். பிறகு மவுஸைத் தூக்கி அடிப்பக்கம் பார்த்தார். சைதுன்னிசா அதற்குள் ஷாபாஸுக்குப் போன் போட்டுவிட்டார்.

வந்தவன் பெட்டியைக் காதோடு வைத்துக் கேட்டான். முகம் மாறியது.

"பயப்படாதீங்க மாமி, நகல் இருக்குதில்லீங்க" என்று சொல்லி இன்னொரு டிஸ்கைத் தன் லேப்டாப்பில் மாட்டினான். தேடினான். நிமிர்ந்து இவர்களைப் பார்க்காமலே கேட்டான்:

"மாமி, இத ராத்திரில ஆஃப் பண்ணுவீங்களா?"

"ஆமாங் கண்ணு. தெனமும் மெயினே ஆஃப் பண்ணிருவனே. ஒருநாள் கூட மறந்ததில்லை."

பெருமையாகத்தான் சொன்னார், பாவம். ஷாபாஸ் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"நகல் எடுக்கறது ராத்திரி ரெண்டு மணிக்குங்க. பீரோ மேல இருந்த வரைக்கும் எடுத்திருக்குது. மேஜைக்கு வந்ததுக்கப்புறம் ஒண்ணுமே எடுக்கலை. அதோட, படக்குனு மெயின இறக்கறது இதுக்குத் தலையில அடிக்கற மாதிரி. தெனமும் அடி வாங்கியிருக்குது. நான் சொல்லியிருக்கோணும். டெஸ்க்டாப்பா மாத்துன அன்னிக்கே நான் சொல்லியிருக்கோணுங்க."

குரலைப் பதிந்தது மேஜைக்கு வந்த பிறகுதான். அது அங்கே இருந்த மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது.

சைதுன்னிசா திரும்பிக் கணவரைப் பார்த்தார். அவர் கண் மெயின் சுவிட்சில் இருந்தது.

"ஏனுங்க, திட்டுங்க" என்றார் சைதுன்னிசா. "நாந்தான இறக்குனேன். என் கைதான. ஏதாச்சும் சொல்லித் திட்டுங்க."

அக்பர் பாயின் கை பழக்கத்தில் மவுஸுக்குப் போனது. கறுப்பு ஸ்கிரீனில் அம்புக்குறிகூட இல்லை. கையை எடுத்துக்கொண்டார். வாயைத் திறந்தார், உதடு அசைந்தது, தொண்டைத் துணி காற்றில் ஒரு தடவை புடைத்து அமுங்கியது. பிறகு தன் நெஞ்சில் விரலால் குத்திக் காட்டினார். நான்தானே இறக்கச் சொன்னேன் என்பது போல. சைதுன்னிசா அதைப் பார்க்க முடியாமல் அடுப்படிக்குப் போய்விட்டார்.

பெட்டிக்குள் கெட்டுப்போன டிஸ்கைக் கழற்றிக்கொண்டு, உள்ளே இருப்பதை மீட்டுத் தருகிற கோயமுத்தூர்க் கடை ஒன்றுக்கு ஷாபாஸ் போனான். அந்த வாரம் முழுவதும் அக்பர் பாய் மேஜை முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். டீ வேண்டுமென்றால் மேஜையைத் தட்டுவார். தண்ணீருக்கும் தட்டல், கதவுக்கும் தட்டல். எதற்குத் தட்டுகிறார் என்று தெரியாமல் சைதுன்னிசா ஒவ்வொரு தட்டலுக்கும் டீயும் தண்ணீரும் சேர்த்தே கொண்டுவந்தார். போனில் எழுதினால் அது படித்துச் சொல்லும் என்று ஷாபாஸ் வைத்துக் கொடுத்திருந்தான். ஒரு தடவை எழுதினார். செய்தி வாசிக்கிற பெண்ணின் குரலில் "எனக்குத் தேநீர் வேண்டும்" என்று வந்தது.

"யாருக்கா இவ, உங்களுக்குச் சக்களத்தியா?" என்று பாண்டியம்மாள் சிரிக்க வைக்கப் பார்த்தாள். யாரும் சிரிக்காததால் குனிந்து பிசிறை வெட்டினாள். அன்றைக்கு எல்லா பீஸையும் சரியாகவே மடித்தாள்.

கடைக்காரர் டிஸ்கைத் திறந்து பார்த்துவிட்டு, உள்தட்டில் கீறல் விழுந்துவிட்டது, ஒன்றும் வராது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மிச்சம் இருந்தது பழைய நகல்தான். ஷாபாஸ் பெட்டிக்குப் புது டிஸ்க் போட்டு அதையெல்லாம் ஏற்றினான். மூன்று பேரும் உட்கார்ந்து வீடியோ வீடியோவாகத் தேடினார்கள். சொந்தக்காரப் பெண் மஹ்னூரின் கல்யாணத்தில் அக்பர் பாய் பந்தியில் நின்று யாரையோ விரட்டுகிறார். கை பறக்கிறது, வாய் அசைகிறது. வீடியோக்காரர் அதன் மேல் சினிமாப் பாட்டைப் போட்டு மூடியிருந்தார். மற்றதெல்லாம் அவரே எடுத்தவை; படம் எடுக்கும்போது வாயைத் திறக்கிற பழக்கம் அவருக்கு இல்லை. வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பியதெல்லாம் வெறும் கட்டைவிரல் படம்.

கடைசியில் ஒன்று கிடைத்தது. தெருவில் மழைத்தண்ணீர் ஓடுவதை வாசலிலிருந்து எடுத்திருக்கிறார். முழுக்க மழைச் சத்தம். முடிகிற இடத்தில், போனை அணைக்கும் முன், தொண்டையை ஒருமுறை கனைத்திருக்கிறார். அவ்வளவுதான்.

ஷாபாஸ் அந்தக் கனைப்பை மட்டும் வெட்டி ஸ்கிரீனில் தனியாக வைத்துக் கொடுத்தான். "ஞாயித்துக்கெழம வந்து உள்ரூம்லிருந்து தனி வயர் இழுத்துத் தர்றனுங்க மாமி. அதுவரைக்கும் அந்த மெயினத் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு, இரண்டு பேர் முகத்தையும் பார்க்காமல் வண்டியை எடுத்தான்.

அன்று படுக்கப் போகும் நேரம். முன்ரூமில் புதிதாக வந்த பனியன் கட்டுகள் கூரை வரை அடுக்கிக் கிடந்தன, தரையெல்லாம் பிசிறும் பஞ்சும். சைதுன்னிசா பழக்கத்தில் மெயின் பக்கம் போய் நின்றுவிட்டார். இறக்கினால் அந்தப் பெட்டிக்கு அடி, ராத்திரி நகலும் இல்லை. இறக்காவிட்டால் விடிய விடிய இந்தக் கட்டுகளுக்கு நடுவில் கரண்ட். அவர் பெட்டியைப் பார்த்தார், கட்டுகளைப் பார்த்தார்.

அக்பர் பாய் மவுஸை நகர்த்தி அமுக்கினார். ஸ்பீக்கரில் கனைப்புச் சத்தம் வந்தது. பின்னால் கொஞ்சம் மழை.

"ஆச்சுங்க" என்றார் சைதுன்னிசா. கை மெயினுக்குப் போகவில்லை.

அக்பர் பாயும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். மெயின் மேலேயேதான் இருந்தது, ஸ்கிரீனும் வெளிச்சமாகத்தான் இருந்தது. அவர் மறுபடியும் அதையே அமுக்கினார்.