தண்ணீர் லாரியை மறித்தவர்கள்

நகராட்சி வராந்தாவில் காலையிலிருந்து ஆம்பூர்க் காலனிப் பெண்கள் குடிதண்ணீர் கேட்டுக் காத்திருந்தார்கள். கமிஷனர் உள்ளேதான் இருந்தார்; கூப்பிடத்தான் இல்லை. அவர்களோடு தரையில் உட்கார்ந்திருந்த செண்பகம் அதே காலனியில் பிறந்தவள். அப்பா தோல் பதனிடும் டேனரியில் சுண்ணாம்புக் குழிக்குள் நின்று நின்றே காலைப் புண்ணாக்கிக்கொண்டவர். பி.ஏ. முடித்து வேலூரில் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தவளை நிறுவனமே சமூகப்பணி மேற்படிப்பில் சேர்த்துவிட்டிருந்தது. மக்களைத் திரட்டுவது, அவர்கள் உரிமையை அவர்களையே கேட்கவைப்பது, இதுதான் படிப்பு. களப்பயிற்சிக்கு அவள் கேட்டு வாங்கிக்கொண்டது சொந்தக் காலனியை. டேனரிக் கழிவு இறங்கி அங்கே கிணற்றுத் தண்ணீர் பழுப்பாகிவிட்டது. அதில் வடித்த சோறு கசந்தது.

மதியம் நிறுவன இயக்குநர் ராஜகோபால் ஜீப்பில் வந்து இறங்கினார். அவளைத் தனியே அழைத்து, நிறுவனத்தின் பயிற்சிக் கூடத்தைக் கட்டிக்கொடுத்தவரே டேனரி முதலாளிதான் என்று நினைவுபடுத்தினார். இந்தப் பெண்களோடு உட்காருவதை விட்டு சர்வே எடுத்து அறிக்கை எழுதினால் போதும், பாஸ் போட்டுவிடலாம். இல்லையென்றால் படிப்பும் போகும், வேலையும் போகும் என்றார்.

"பேசக் கத்துக்குடுத்தது நீங்கதானே சார்," என்றாள் செண்பகம்.

"எங்க பேசறதுன்னு ஒண்ணு இருக்குல்ல?"

"தண்ணி கெட்ட எடத்துலதான் சார் பேச முடியும்."

அவள் திரும்பிப்போய் பெண்கள் நடுவில் உட்கார்ந்தாள். ஜீப் கிளம்பிப் போனது.

சாயங்காலம் கமிஷனர் பின்வாசல் வழியாகப் போய்விட்டதாக பியூன் வந்து சொன்னான். டேனரியில் தோல் உலர்த்தும் சவுரியம்மாள் புடவையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

"போனா போறாரு. லாரி நம்ம தெருவுலதான போவுது?"

கிணறு கெட்டபின் டேனரிக்கு நல்ல தண்ணீர் ஆலங்காயம் பக்கத்திலிருந்து லாரியில் வந்துகொண்டிருந்தது.

மறுநாள் காலை குடங்களோடு அவர்கள் தெருவை அடைத்து நின்றார்கள். செண்பகம் முன்வரிசையில் நின்றாள். டிரைவர் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு இன்ஜினை அணைத்தார். டேனரி மேனேஜர் ஓடிவந்தார். பின்னாலேயே போலீஸ் வேனும் வந்தது.

"நீ எந்த ஆபீஸ்?" என்று மேனேஜர் செண்பகத்தைக் கேட்டார்.

"ஆபீஸ்லாம் நேத்தோட போச்சு. நான் இந்தத் தெருக்காரி."

லாரியின் பின்குழாயிலிருந்து தெளிந்த தண்ணீர் ஒழுகி, டேனரியின் கறுத்த சாக்கடையில் போய் விழுந்துகொண்டிருந்தது. சவுரியம்மாள் அதனடியில் குடத்தை வைத்தாள்.

"ஏய், எடு. அது தோல் ஊறப்போட வர்ற தண்ணி," என்றார் மேனேஜர்.

கான்ஸ்டபிள் லத்தியால் குடத்தைத் தட்டிவிட்டான். சவுரியம்மாள் உருண்ட குடத்தை எடுத்து, நசுங்கிய பக்கத்தைத் திருப்பி, மறுபடியும் குழாயடியில் வைத்தாள்.