பானாவுக்கு மூடி

மகேந்திரராஜா அண்ணை அந்தச் சுருளை வேறு ஒருவரையும் தொட விடமாட்டார். என் சந்தேகம் அங்கேதான் தொடங்கியது.

ஜெர்மனியில், எசன் நகரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் உடற்பயிற்சி மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கராத்தே பழக்குகிறவர் அவர். பயிற்சிக்கு முதல் சுவரில் ஏழு சுருள்கள் தொங்கவிடப்படும். ஒவ்வொன்றிலும் ஒரு ஜப்பானிய எழுத்து. நீதி, துணிவு, இரக்கம், மரியாதை, மானம், விசுவாசம், உண்மை. சண்டை பழகுகிறவனிடம் இருக்க வேண்டிய குணங்களாம். முதல் ஆறும் அச்சடித்துக் கடையில் விற்பவை; அவற்றைப் பிள்ளைகள் இழுத்து விழுத்தினாலும் கத்தமாட்டார். ஏழாவது மட்டும் தூரிகையால் எழுதியது. மகோத்தோ. உண்மை. அந்த எழுத்தின் இடது பாதி சொல் என்பது, வலது பாதி நிறைவேறுவது என்பது. சொன்ன சொல் நடந்து முடிந்தால்தான் உண்மை.

"ஒகினாவாவில என்ர குரு, நான் வெளிக்கிடேக்க எழுதித் தந்தது" என்று ஒவ்வொரு புதுப் பெற்றோருக்கும் சொல்லுவார். பெற்றோர் கையைக் கட்டிக்கொண்டு கேட்பார்கள். பயிற்சி தொடங்கவும் முடியவும் நாங்கள் எல்லோரும் அந்தக் கடதாசிக்குத்தான் குனிந்து வணக்கம் வைப்போம்.

எனக்குக் கறுப்புப் பட்டி வேண்டும். இடுப்பில் கட்டிப் படம் எடுக்க இல்லை. எங்கள் ஆட்கள் பெண் பிள்ளை பெரியபிள்ளை ஆனவுடன் கராத்தேயை நிற்பாட்டிவிடுவார்கள். என்னையும் அப்படித்தான் நிற்பாட்டினார்கள். சாமத்திய வீட்டு அலங்காரங்களைக் கழற்றிய கையோடு, அம்மா என் கராத்தே உடுப்பைத் தோய்த்து மடித்து ஆருக்கோ கொடுத்துவிட்டார். பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகுதான் ஒருவரையும் கேட்காமல் திரும்பி வந்தேன். இப்போது புஸ்பவதி அக்காவின் மகள் தர்சிகாவின் முறை. வகுப்பிலேயே அவளைப் போல உதைக்கிறவர் இல்லை.

"பொம்பிளை ஒராள் பழக்கினா விடுவன் கம்சனா" என்றார் புஸ்பவதி அக்கா. "இனி ஆம்பிளையளிட்ட விட ஏலாது. வாற கோடையோட நிப்பாட்டப் போறன்."

பெண் பிள்ளைகளுக்கென்று சனிக்கிழமை மண்டபத்தைத் தரப் பள்ளிக்கூடம் சம்மதித்துவிட்டது. பழக்குகிறவர் கறுப்புப் பட்டியாக இருக்க வேண்டும் என்பது ஃபெர்பாண்டின், அதாவது கராத்தேச் சம்மேளனத்தின், சட்டம். அவர்கள் வைக்கும் சோதனைக்குப் போக அன்ட்ராக்கில், அந்த விண்ணப்பத்தில், என் பயிற்றுநர் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு தரம் கேட்டேன். இரண்டு தரமும் அண்ணை சுருளைக் கையால் காட்டினார்.

"உம்மட்ட மகோத்தோ இல்லைப் பிள்ளை. கோவம்தான் இருக்கு. யூனியில படிச்ச தடிப்பும் இருக்கு."

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆருக்கு என்னில் என்ன குறை இருந்தாலும் காரணம் அந்தப் படிப்பாகவே இருக்கும். அம்மாவிடம் சொன்னேன், இந்த மனிசன் எதையோ மறைக்கிறார் என்று. "நீ படிச்ச நாளில இருந்து எல்லாரிலயும் சந்தேகம்தான்" என்று அம்மா குசினிக்குப் போய்விட்டார்.

சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். பழைய பாலங்களின் சீமெந்தில் வெடிப்பு விழுந்தால், அது எங்கே தொடங்கி எந்தப் பக்கம் ஓடியது என்று பார்த்துச் சொல்வது என் வேலை. பாலம் நல்ல பாலம் என்று ஊர் சொல்வதை நான் எழுதிக் கொடுக்க முடியாது.

இரண்டாம் முறை அவர் மறுத்த கோபத்தில், என்னிடம் இல்லாத அந்தக் குணத்தை நானே எழுதிப் பார்க்கிறேன் என்று டுசல்டோர்ஃபில் ஒரு தூரிகை வகுப்பில் சேர்ந்தேன். அங்கே ஜப்பான்காரர் கனபேர் இருக்கிறார்கள். பழக்கியவர் மொறிட்டா என்ற பெண். மகோத்தோவின் இடது பாதியில், அடியில் ஒரு சின்னப் பெட்டி வரும். முதல் நாள் நான் எழுதியதை அவர் கனநேரம் பார்த்தார்.

"ஜெர்மன்காரர் நாலு கோட்டையும் தனித்தனியாக இழுப்பார்கள்" என்றார். "நீங்கள் ஏன் கீழிருந்து மேலே ஏறுகிறீர்கள்?"

பெட்டிக்கு இடது கோடு முதல். பிறகு மேல்கோடு, தூரிகையை எடுக்காமல் திரும்பி வலது பக்கம் கீழே. அடிக்கோடு கடைசி. நான் கீழே இறங்கி, வலது பக்கம் போய், மேலே ஏறி, பிறகு தலையில் ஒரு கோடு வைத்திருந்தேன். தமிழ் 'ப'வை, பானாவை, எழுதி மூடி போட்டிருந்தேன். தமிழ்ப்பள்ளியில் அரிவரியில் பழகிய கை.

அது 2006. உலகக்கிண்ணக் கொடிகள் சில பால்கனிகளில் வெளுத்துப்போய் இன்னும் தொங்கின. ஒக்டோபரில் ஒரு ஞாயிறு, அண்ணை நாரி பிடித்து நிமிர முடியாமல் வாங்கில் இருந்துவிட்டார்.

"நான் மாட்டுறன் அண்ணை."

"வேண்டாம் பிள்ளை. அது இருக்கட்டும். இண்டைக்கு ஆறும் போதும்."

அவர் சொல்லி முடிக்க முதலே சுருளை விரித்துவிட்டேன். மேலும் கீழும் மரச்சட்டம், நடுவே வெறும் கடதாசி. பின்னால் யன்னல், வெளிச்சம் கடதாசியைத் துளைத்துக்கொண்டு வந்தது. தூரிகை அழுத்தித் தொடங்கிய இடத்தில் மை தடிப்பாயும், தூக்கிய இடத்தில் வற்றிக் கீறல் கீறலாயும் இருக்கும். பெட்டியின் வலது கோடு அடியில் தடிப்பு, உச்சியில் கீறல்; கீழிருந்து மேலே ஏறிய கோடு. இரண்டு தலைகளுக்கும் மேலாக மூடி, கடைசியாக வைத்த கறுப்பு.

மாட்டிவிட்டுத் திரும்பினேன். அண்ணை சுருளைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். அன்று முழுவதும் அவருடைய எண்ணிக்கை பிழைத்தது.

பிள்ளைகள் போனபின் மெத்தைகளை அடுக்கும்போது கேட்டேன்.

"உங்கட குரு யாழ்ப்பாணத்தில எந்த ஊர் அண்ணை? வட்டுக்கோட்டையோ, சங்கானையோ?"

"என்ன விசர்க் கதை கதைக்கிறீர்?"

"பானா எழுதி மூடி போட்டிருக்கிறார். ஒகினாவாவில தமிழ்ப்பள்ளி இருக்கோ?"

அவர் மெத்தையைக் கீழே விட்டார். வெருட்டுவார் என்று நினைத்தேன். காலைக்கூட ஊன்றி நின்றேன். அவர் வாங்கில் போய் இருந்தார்.

"அகதி முகாமில இருந்து எழுதினது" என்றார். "ஒரு புத்தகத்தைப் பாத்து. கராத்தே பழகினது இஞ்ச, பக்கத்து நகரம் போகுமில. பட்டியும் ஃபெர்பாண்ட் தந்த பட்டிதான், அது பொய்யில்லை. ஆனா போகுமில பழகினனான் எண்டா எந்தத் தமிழன் தன்ர பிள்ளையைக் கொண்டுவந்து விடுவான், சொல்லும் பாப்பம்."

"அது உங்கட பாடு. என்னை ஏன் மறிச்சனீங்கள்?"

தன் பட்டியின் நுனியை இழுத்துச் சரிசெய்தார். பிறகு, "பொம்பிளைப் பிள்ளையள் முழுக்க உம்மட்ட வந்திடும். தம்பிமாரும் அக்காமாருக்குப் பின்னால வந்திடுவினம். எனக்கு மிச்சம் ஆர்?" என்றார்.

அவ்வளவுதான் காரணம். என் கோபமும் இல்லை, தடிப்பும் இல்லை.

"அன்ட்ராக்கைக் கொண்டு வாரும்" என்று பேனையை எடுத்தார். "இப்பவே போடுறன். இதை இதோட விடுவம்."

அது என் பையில்தான் இருந்தது. எடுத்து நீட்டினால் தர்சிகாவின் கோடை தப்பும். கை பைக்குள் போய்க் கடதாசியைத் தொட்டும் விட்டது. ஆனால் இன்று போட்டுவிட்டு நாளைக்கு, வெருட்டி வாங்கினவள் என்று எசன் முழுக்கச் சொல்ல மாட்டார் என்று என்ன நிச்சயம்? அவர் என் வாய்க்குப் பூட்டுப் போடுகிறார். அந்தப் பூட்டையே பட்டியென்று இடுப்பில் கட்டச் சொல்கிறார்.

"வாற ஞாயிறு தாய்தகப்பன் எல்லாருக்கும் முன்னால என்ர கட்டாவைப் பாருங்கோ" என்றேன். கட்டா என்பது எதிராளி இல்லாமல் தனியாகச் செய்து காட்டும் அடவு வரிசை. "பிழையெண்டாப் போடாதேங்கோ. ஆனா அதுக்கு முதல் இதை ஆர் எழுதினதெண்டு அவையளுக்குச் சொல்லுங்கோ."

"சொல்லாட்டி?"

"நான் சொல்லுவன். நான் சொன்னா எப்பிடிச் சொல்லுவன் எண்டு உங்களுக்குத் தெரியும்."

அந்தக் கிழமை முழுவதும் அவர் வரமாட்டார் என்றே நினைத்தேன். வருத்தம், சுகமில்லை என்று செய்தி வரும், இல்லாவிட்டால் எனக்கு முந்தி பெற்றோருக்கு ஒவ்வொருவராக டெலிபோன் எடுத்து ஏதாவது கதை கட்டுவார். ஆரும் என்னோடு சிரித்தால், எதைக் கேள்விப்பட்டுச் சிரிக்கிறார்கள் என்று யோசித்தேன்.

வந்தார். சுருளை மாட்டவில்லை. மண்டபத்தின் நடுவில் பழைய பேப்பரை விரித்து, வெள்ளைக் கடதாசி வைத்து, முழங்காலில் இருந்தார். பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். பெற்றோர் வாங்கில். அவர் தூரிகையைத் தோய்த்து எழுதத் தொடங்கினார். பெட்டி வந்தபோது கை ஒரு கணம் நின்றது. சரியான முறையில் எழுதித் தப்பப் போகிறார் என்று நினைத்தேன். கிழமை முழுக்கப் பழகியிருக்கலாமே. கை கீழே இறங்கி, வலது பக்கம் போய், மேலே ஏறியது.

"அண்ணை பானா எழுதுறார்" என்றாள் தர்சிகா. பிள்ளைகள் சிரித்தார்கள்.

"ஓம். எனக்கு அப்பிடித்தான் வரும்" என்றார். மூடியை வைத்தார். பிறகு நிமிர்ந்து வாங்கைப் பார்த்தார். "அந்தப் பழைய மகோத்தோவும் நான் எழுதினதுதான். ஒகினாவா நான் கண்டதில்லை. பழகினது போகுமில."

ஒரு தகப்பன் எழும்பி, இரண்டு பொடியன்களின் சப்பாத்தையும் கையில் தூக்கிக்கொண்டு, அவர்களை இழுத்துப் போனார். கதவு அடித்துச் சாத்தியது. அண்ணை அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"எனக்கு ஒகினாவாவும் ஒண்டுதான், போகுமும் ஒண்டுதான்" என்றார் புஸ்பவதி அக்கா. "ரெண்டுக்கும் நான் போனதில்லை."

என்னைச் செய்யச் சொன்னார். செய்தேன். கோபத்தோடுதான் செய்தேன், என்னிடம் வேறு ஒன்றும் இல்லை. முடித்து நிமிர்ந்தேன்.

"திரும்பேக்க பின்காலின்ர குதி எழும்புது" என்றார். சொல்லிக்கொண்டே அன்ட்ராக்கை வாங்கி, மை பட்ட கையால் கையெழுத்துப் போட்டார்.

"குதி எழும்பினா ஏன் போடுறியள்?"

"அதை ஃபெர்பாண்ட்காரன் பாத்துச் சொல்லட்டும். நான் உம்மை மறிச்சது குதியைப் பாத்து இல்லை." இதை அவர் எனக்கு மட்டும் கேட்கும்படி சொல்லவில்லை.

கடதாசியை அந்த இடத்திலேயே இன்னொரு தரம் வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் பையில் வைத்தேன்.

டிசம்பரில் சோதித்த ஜெர்மன்காரரும் குதியைத்தான் சொன்னார். சொல்லிவிட்டுப் பட்டியைத் தந்தார்.

தை மாதம் முதல் சனிக்கிழமை சுவரில் நான் ஒன்றும் மாட்டவில்லை. தர்சிகா முன் வரிசையில் நின்றாள். புஸ்பவதி அக்கா போகாமல் வாங்கில் இருந்தார். குளிர்க் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. கதவைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், திரும்பக் கதவைப் பார்ப்பார்.

"உமக்கு மெய்யாப் பட்டி தந்தவையோ, இதுவும் ஒகினாவாக் கதையோ?" என்று கேட்டார்.

அவிழ்த்துக் கையில் கொடுத்தேன். புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.