வெள்ளைச் சட்டைக்காரரைத் தேடி

அண்ணி படம் எடுக்கும் விதமே தலைகீழ். மற்றவர்கள் ஆளைப் பார்த்துவிட்டுக் கேமராவைத் தூக்குவார்கள். இவள் முதலில் ஒரு சுவரைப் பிடிப்பாள். வெளிச்சம் எங்கே விழுகிறது, நிழல் எங்கே முடிகிறது என்று பார்த்து, நான்கு மூலைகளையும் மனசுக்குள் ஆணியடித்துவிட்டு, நடுவில் ஓர் ஆள் அளவு இடம் விட்டுக் காத்திருப்பாள். தன்னை யாரும் கவனிக்கவில்லை என்ற நினைப்பில் யாராவது வந்து அந்த இடத்தை நிரப்ப வேண்டும். சில நாள் மனிதர் வருவார். சில நாள் நாய்தான் வரும். அதையும் மரியாதையாக எடுத்து வைப்பாள்.

பதினோரு வருஷமாக இந்தக் கூத்து. பிழைப்புக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்தும் வேலை. விடுமுறை நாளில் தோளில் ஒரு பழைய ஃபிலிம் கேமரா, கறுப்பு வெள்ளை மட்டும். அவளை அண்ணி என்று கூப்பிட முறையுள்ளவள் கணவனின் தங்கை ஒருத்திதான். ஆனால் அந்த நாத்தனார் தெருவுக்கே கேட்கிற குரலில் கூப்பிட்டுக் கூப்பிட்டு, இப்போது தெருவே அவளை அண்ணி என்கிறது. மாமியாரும் சில நேரம் வாய் தவறி "அண்ணி" என்று விடுவார்.

நேற்று மாலை நூலகர் போன் செய்திருந்தார். நாளை நூலகத்தில் தொடங்கும் படக் கண்காட்சிக்கு அவள் படம் ஒன்றைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அதுவும் வாசலிலேயே, கதவு உயரத்துக்குப் பெரிதாக்கி மாட்டப் போகிறார்கள். இன்று மாலை ஐந்து மணிக்குள் நெகட்டிவை அச்சுக்கடையில் கொடுத்துவிட வேண்டும்.

அது மூன்று வாரத்துக்கு முன் எடுத்த படம். மழை விட்ட காலை. கம்பிவேலி நிழல் கோடு கோடாக விழுந்த சுவர், முன்னால் ஒரு குட்டை. வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெரிய மனிதர் வந்தார். இடம் வலம் பார்த்தார். மடக்கிய குடையைத் துணையாகப் பிடித்துக்கொண்டு ஒரு சுழல் சுழன்று, அப்படியே குட்டையைத் தாண்டினார். இரண்டு காலும் தரையில் இல்லாத நொடியில் அண்ணி பொத்தானை அழுத்தினாள். தலை நிமிர்வதற்குள் அவர் முனை திரும்பிவிட்டார்.

இரவு அவளுக்குத் தூக்கமில்லை, சந்தோஷத்தில். காலையில் சாமி முன்னால் கை கூப்பி நின்றபோதுதான் மனசு இடறியது. யாரும் பார்க்கவில்லை என்று நம்பி ஆடிய மனிதரை ஊர் வாசலில் மாட்டப் போகிறோம். அவரை ஒரு வார்த்தை கேட்டோமா? சட்டப்படி கேட்கத் தேவையில்லை என்று நூலகர் சொல்லியிருந்தார். சாமி சட்டப் புத்தகம் படிப்பதில்லையே. அவள் பிரார்த்தனையைப் பாதியில் நிறுத்திவிட்டு நாத்தனாரை எழுப்பினாள்.

"கேட்டுட்டுப் போடணும். அவர் கிடைக்கலேன்னா படம் வேண்டாம்."

"அண்ணி, பதினோரு வருஷம் கழிச்சு ஒரு கதவு திறக்குது. நீங்களே போய்ச் சாத்தறீங்க."

"சாத்தலடி. தட்டிட்டு உள்ள போகலாம்னு சொல்றேன்."

அந்தச் சுவரோரம் எட்டு மணிவரை நின்றார்கள். வெள்ளைச் சட்டைகள் பல போயின. எதற்கும் அந்த முகம் இல்லை. சட்டைப் பையின் மேல் மங்கலாக ஒரு முத்திரை தெரிவதால், அது சீருடை என்பதில் அண்ணிக்குச் சந்தேகமில்லை. வெள்ளைச் சீருடை என்றால் முதலில் ஆஸ்பத்திரி. அங்கே போய்ப் படத்தைக் காட்டினாள், ஆடும் காலைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு, முகத்தை மட்டும்.

வார்டு உதவியாளர் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். "இவ்வளவு சந்தோஷமா எங்க ஆஸ்பத்திரியில யாரும் வேலை பார்க்கலம்மா." ஆனாலும் அவர் மூன்று மாடி ஏறி இறங்கி விசாரித்துவிட்டுத்தான் அனுப்பினார்.

ரொட்டிக் கடையில், "எங்க சட்டை மாவு பட்டு வெள்ளையானது" என்றார்கள். முடி வெட்டும் கடையில் முழுக் கடையும் படத்தைச் சுற்றிக் கூடிவிட்டது, பாதி மழித்த முகத்தோடு ஒருவர் எழுந்து வந்து, சோப்பு நுரை சொட்ட, "என் சம்பந்தி சாயல் இருக்கு. ஆனா அவர் சிரிச்சதை நான் பார்த்ததில்லை" என்று நேர்மையாகச் சாட்சி சொன்னார். உலகத்தில் உதவி செய்ய ஆள் இல்லை என்கிறவர்கள் ஒரு நாள் ஒரு புகைப்படத்தோடு வெளியே கிளம்பிப் பார்க்கலாம்.

மூன்றரை மணிக்குப் பூங்கா பெஞ்சில் இருவரும் கால் நீட்டி உட்கார்ந்தார்கள். பொழுதுபோகாமல் நாத்தனார் கேமராவைக் கண்ணில் வைத்துப் பார்த்தாள்.

"ஊரே சிவப்பா தெரியுது அண்ணி."

"முன்னால சிவப்பு ஃபில்டர் இருக்குடி. அதைப் போட்டா நீல வானம் கறுத்து, மேகம் பளிச்னு வரும்."

"சரி, அதோ நிக்குதே வேன், அது வெள்ளையா, வேற நிறமா?"

அண்ணி வாங்கிப் பார்த்தாள். வேன் வெளுப்பாகத் தெரிந்தது. கேமராவை இறக்கினாள். வேன் மிளகாய்ப் பழம் போலச் சிவந்து நின்றது. மறுபடி தூக்கினாள், வெளுப்பு. இறக்கினாள்; சிவப்பு.

"அந்த ஃபில்டர் அன்னிக்கும் இருந்துச்சா?" என்று நாத்தனார் மெதுவாகக் கேட்டாள்.

அண்ணி தலையில் அடித்துக்கொண்டாள். சிவப்புக் கண்ணாடி வழியே பார்த்தால் சிவப்பும் வெள்ளையும் ஒன்றுதான். படத்திலும் அப்படியே வரும். கடையில் வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு அவளே சொல்லிக் கொடுப்பது.

"கண்ணாடியே தொழிலா இருக்கிற ஆளு நீங்க."

"வாயை மூடு."

"ஊர்ல இருக்கிற வெள்ளைச் சட்டை எல்லாத்தையும் திரும்பிப் பார்க்க வச்சீங்களே."

அண்ணிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஒருத்தி நிறுத்தினால் இன்னொருத்தி தொடங்கினாள். வயிறு வலித்துப் பெஞ்சைப் பிடித்துக்கொண்டார்கள். வேன் ஓட்டுநர், சிவப்புச் சட்டையும் பையில் முத்திரையுமாக, யாருக்கோ உடம்பு சரியில்லை என்று பதறி ஓடி வந்தார். அண்ணி அவரிடமே படத்தில் இருந்த முகத்தைக் காட்டினாள்.

அவர் படத்தைத் தூரத்தில் வைத்தும் கிட்டத்தில் வைத்தும் பார்த்தார். "மீசை எங்க மேற்பார்வையாளர் மீசை. ஆனா இவர் சிரிக்கிறாரு. அப்போ இவர் அவர் இல்லை."

ஓட்டுநர் வழி சொன்ன பார்சல் கிடங்குக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மணி நாலேகால். எடை மேடை பக்கத்தில் நின்று அந்த மனிதர் யாரையோ அதட்டிக்கொண்டிருந்தார். இருபது பேர் வேலை செய்யும் இடத்தில் ஒரு இருமல் சத்தம் இல்லை. பெயருக்குப் பதில் பையன்கள் அவரை இடி என்பார்களாம்.

அண்ணி அவரைத் தனியாக ஒரு மூலைக்கு அழைத்துப் படத்தைக் கொடுத்தாள். அவர் முகம் அவர் சட்டை நிறத்துக்கு வந்தது.

"காலையில உங்க ரெண்டு பேரையும் அந்தச் சுவரோரம் பார்த்தேன். போறவன் வர்றவன் சட்டையையே பார்த்துட்டு நின்னீங்க. துணி விக்க வந்தவங்கன்னு நினைச்சேன்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எத்தனை பேர் பார்த்தாங்க?"

"முகத்தை மட்டும்தான் காட்டினேன். காலை மறைச்சுட்டேன்."

"கால்தானே மானத்தை வாங்குது."

"அன்னிக்கு என்னங்க விசேஷம்?" நாத்தனாருக்கு அடக்க முடியவில்லை.

"ஒண்ணுமில்லம்மா. மழை விட்டுச்சு. கையில குடை இருந்துச்சு." அவர் திரும்பிக் கிடங்கைப் பார்த்தார். "வேண்டாம்மா. இதைப் பார்த்தா நாளைக்கு எவன் என் பேச்சுக்கு நடுங்குவான்?"

அண்ணியின் கை தயங்கவில்லை. பையிலிருந்து நெகட்டிவ் உறையை எடுத்து அவரிடம் நீட்டினாள். "அப்போ இதையும் நீங்களே வச்சுக்குங்க. இது இல்லாம யாரும் மறுபடி அச்சடிக்க முடியாது."

நாத்தனார் அவள் இடுப்பில் கிள்ளினாள்.

அவர் உறையை வாங்கிக்கொண்டு திகைத்து நின்றார். "அவ்வளவுதானா? கொஞ்சம் கெஞ்சவாவது செய்ய மாட்டீங்களா?"

"உங்க சந்தோஷம் அது. நான் சும்மா பக்கத்துல நின்னேன். கெஞ்சி வாங்கினா அது வேற எதுவோ ஆயிடும்."

அவர் மீசையைத் தடவினார். அதட்டத் தெரிந்தவருக்கு இந்த மாதிரி ஆளை என்ன செய்வதென்று தெரியவில்லை. கடைசியில், "தலையை வெட்டிட்டுப் போட முடியுமா?" என்றார்.

முடியும். அண்ணி ஓர் அட்டைப் பெட்டியைக் கிழித்து ஒரு துண்டு எடுத்துப் படத்தின் மேல் வைத்து நகர்த்திக் காட்டினாள். கழுத்துக்கு மேல் மறைந்தது. சட்டை, குடை, பறக்கும் கால், குட்டை. "யாருன்னு தெரியல. நல்லாவே இருக்கு" என்றார் அவர். மணி நாலரை. அச்சுக்கடை ஊரின் மறு கோடியில். "ஏறுங்க" என்று அவரே கிடங்கு வேன் ஒன்றை எடுத்தார். நெகட்டிவ் உறையின் மேல் 'உடையும் பொருள்' என்று ஒரு சீட்டையும் ஒட்டினார், பழக்க தோஷம்.

நாத்தனார் நடுவில் உட்கார்ந்து படத்தையும் அட்டையையும் மடியில் பிடித்துக்கொண்டாள். முதல் சிக்னலில் வேன் நின்றது. அவர் எட்டிப் பார்த்தார்.

"தலை இல்லாம யாரோ மாதிரி இருக்கே."

"அதுதானே நீங்க கேட்டது?" என்றாள் அண்ணி.

"தாடை வரைக்கும் விட்டா யாருக்குத் தெரியப் போகுது?" என்று ஒரு விரலால் அட்டையைத் தள்ளினார்.

இரண்டாவது சிக்னலில் மீசை உள்ளே வந்தது. "மீசை ஊர்ல பத்துப் பேருக்கு இருக்கு." மூன்றாவது சிக்னலில் மூக்கு. பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவர் காதில் விழவில்லை. "மூக்கை விட்டுட்டுக் கண்ணை மறைச்சா திருடன் மாதிரி இருக்காதா?"

"இருக்கும்," என்றாள் நாத்தனார், முகத்தைக் கல் போல வைத்துக்கொண்டு. "போலீஸ் தேடற ஆளு மாதிரியே இருக்கும்."

ஐந்துக்கு மூன்று நிமிஷம் இருக்கையில் அச்சுக்கடைக்குள் மூவரும் நுழைந்தார்கள். கடைக்காரர் நெகட்டிவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "முழுசாவா, வெட்டிப் போடணுமா?" என்று கேட்டார்.

அண்ணி மேற்பார்வையாளர் பக்கம் திரும்பினாள். அது அவள் சொல்ல வேண்டிய பதில் இல்லை. இருபது பேரை நடுங்க வைக்கிற மனிதர் அட்டைத் துண்டைக் கையில் வைத்து ஒரு தடவை மடித்தார், இன்னொரு தடவை மடித்தார்.

"முழுசாவே போடுங்க," என்றார். "கீழே அந்தத் தண்ணியை வெட்டிடாதீங்க. அதைத் தாண்டினதுதான் கஷ்டம்."